கிராஃபில் இருந்த உச்சம் எங்கே போனது?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "எங்கள் சர்வரில் இரவு இரண்டு மணிக்கு பேக்கப் ஓடும். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் அந்த நேரத்தில் சி.பி.யு. நூறு சதவீதத்தைத் தொட்டுவிடும். மறுநாள் காலை தினசரி கிராஃபில் அந்த உச்சம் ஊசி மாதிரி நிற்கிறது. அதே இரவை வாரக் கிராஃபில் தேடினால் 25 சதவீதம்தான் இருக்கிறது. மாதக் கிராஃபில் 14கூட இல்லை. பதிவை யாராவது மாற்றுகிறார்களா?"

யாரும் மாற்றவில்லை. அந்த எண்களைச் சேமிக்கும் முறையே அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. கணினி உலகில் எனக்கு மிகவும் பிடித்த கோப்பு வடிவங்களில் அது ஒன்று என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில், எண் எங்கிருந்து வருகிறது? "இப்போது 20 சதவீதம்" என்று எந்தச் சர்வரும் தனக்குள் எழுதி வைத்துக்கொள்வதில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் வெறுமனே எண்ணிக்கொண்டே போகிறது: பயனர் நிரல்களுக்குப் போன நேரம் இவ்வளவு, கெர்னலுக்கே போன நேரம் இவ்வளவு, சும்மா இருந்த நேரம் இவ்வளவு என்று, நூறில் ஒரு பங்கு நொடியை ஓர் அலகாக வைத்து. வண்டியின் ஓடோமீட்டர் போல இந்த எண்கள் ஏறிக்கொண்டே இருக்கும். வேகம் வேண்டுமென்றால் இரண்டு முறை பார்த்து, வித்தியாசத்தை இடைப்பட்ட நேரத்தால் வகுக்க வேண்டியதுதான்.

நான்கு கோர் (செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) உள்ள இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து நிமிடத்தில், அதாவது 300 நொடியில், மொத்தம் 1,20,000 அலகுகள் கடக்கும். அதில் 'சும்மா' எண் 96,000 ஏறியிருந்தால், 80 சதவீத நேரம் வேலை இல்லை. மீதி 20 சதவீதம்தான் பளு.

இதைத் தொலைவிலிருந்து கேட்க 1988 முதல் இருக்கும் வழி எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறை. யு.டி.பி. என்ற எளிய அனுப்பு முறையில், சர்வரின் 161ஆம் எண் வாசலுக்கு (போர்ட்) ஒரு சிறு கேள்வி போகும், ஓர் எண் பதிலாக வரும். எதைக் கேட்கிறோம் என்பதும் ஓர் எண்தொடர்தான். 1.3.6.1.4.1.2021.11.53.0 என்று கேட்டால் 'சும்மா இருந்த நேரம்' கிடைக்கும். நடுவில் இருக்கும் 2021 ஓர் ஆண்டு அல்ல, இந்த எஸ்.என்.எம்.பி. மென்பொருள் வளர்ந்த கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்துக்கு ஒதுக்கப்பட்ட எண்.

ஒரு சிக்கலை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். இந்த எண்ணிகள் 32 பிட். 4,29,49,67,295 வரை போனதும் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நொடிக்கு நூறு என்றால் 497 நாளில் ஒரு சுற்று முடியும். எல்லா கோர்களின் நேரமும் ஒரே எண்ணில் கூட்டப்படுவதால், எட்டு கோர் கொண்ட, பெரும்பாலும் சும்மா இருக்கும் இயந்திரத்தில் 62 நாளிலேயே சுற்றிவிடும். புதிய எண் பழையதைவிடச் சிறியதாக இருந்தால், எண்ணி சுற்றியதா, சர்வர் ரீஸ்டார்ட் ஆனதா என்று கிராஃப் கருவி ஊகிக்க வேண்டியிருக்கும். தவறாக ஊகித்தால் கிராஃபில் வானளாவிய ஒரு கோடு முளைக்கும். அதனால்தான் 'இதற்கு மேல் வந்தால் நம்பாதே' என்று ஓர் உச்ச வரம்பைக் கொடுத்து வைக்கச் சொல்கிறார்கள்.

சரி, இப்போது சேமிப்புக்கு வருவோம்.

1994இல் டோபியாஸ் ஓட்டிக்கர் என்ற நிரலாளர் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் உள்ள டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தார். வெளி உலகத்துக்கு அங்கே இருந்தது 64 கிலோபிட் இணைப்பு ஒன்று மட்டும். அது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டியிருந்தது. அதற்காக அவர் எழுதிய சின்ன நிரல்தான் எம்.ஆர்.டி.ஜி. அதிலிருந்த சேமிப்பு யோசனையை அவரே தனியாகப் பிரித்தெடுத்து, 1999இல் ஆர்.ஆர்.டி.டூல் என்று வெளியிட்டார். கேக்டை, மூனின் போன்ற பல கருவிகள் இன்றும் அதன் மேல்தான் நிற்கின்றன.

யோசனை இதுதான்: கோப்பு ஒருபோதும் வளரக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு ஓர் எண் என்று ஆண்டுக்கணக்கில் சேர்த்துக்கொண்டே போனால் ஒருநாள் டிஸ்க் நிரம்பும். அதற்குப் பதிலாக, அளவு மாறாத ஒரு வட்டத்தை முதலிலேயே ஒதுக்கிவிடு. கடைசி இடம் நிரம்பியதும் முதல் இடத்தில் இருக்கும் பழைய எண்ணின் மேலேயே எழுது.

வட்டம் ஒன்று மட்டுமல்ல, வழக்கமாக நான்கு. முதல் வட்டத்தில் 600 இடங்கள், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடச் சராசரி. அடுத்ததில் 700 இடங்கள், ஒவ்வொன்றும் அரை மணி நேரச் சராசரி. மூன்றாவதில் 775, இரண்டு மணி நேரச் சராசரி. நான்காவதில் 797, ஒரு நாள் சராசரி. மொத்தம் 2,872 இடங்கள், இடத்துக்கு எட்டு பைட். பெருக்கிப் பாருங்கள்: 22,976 பைட். ஒரு சர்வரின் இரண்டு ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு, 23 கிலோபைட்டுக்குள்! கோப்பின் தலைப்பகுதிக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

எம்.ஆர்.டி.ஜி. படத்தின் அகலம் இயல்பாக 400 பிக்சல். பிக்சலுக்கு ஒரு மதிப்பு. 400 ஐந்து நிமிடங்கள் என்றால் 33 மணி 20 நிமிடம். 'தினசரி' கிராஃபில் முந்தைய நாளின் ஒரு பகுதியும் சேர்ந்து தெரிவது இதனால்தான். 400 அரை மணி என்றால் எட்டு நாள் சொச்சம், அது வாரக் கிராஃப். 400 இரண்டு மணி நேரம் என்றால் 33 நாள், அது மாதக் கிராஃப். ஆண்டுக் கிராஃப் 400 நாள். நான்கு வட்டங்களும் நான்கு படங்களுக்கு அளவெடுத்துத் தைத்தவை. இப்படியொரு பொருத்தத்தைப் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சியை மறைக்கத் தெரியவில்லை.

இனி அந்த உச்சத்தைப் பின்தொடர்வோம். சர்வர் மற்ற நேரமெல்லாம் பத்து சதவீதத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வட்டத்தில் இரண்டு மணிக்கான இடத்தில் 100 விழுகிறது. அரை மணி முடிந்ததும் ஆறு எண்களின் சராசரி இரண்டாம் வட்டத்துக்குப் போகிறது: ஒரு நூறும் ஐந்து பத்தும் சேர்ந்து 150, ஆறால் வகுத்தால் 25. இரண்டு மணி நேரத்தில் 24 எண்கள், சராசரி 13.75. ஒரு நாளில் 288 எண்கள், சராசரி 10.3. ஆண்டுக் கிராஃபில் பேக்கப் என்று ஒன்று நடந்த சுவடே இருக்காது.

சராசரி இங்கே ஒரு விஷயத்தைக் கறாராகக் காப்பாற்றுகிறது. பேக்கப் கூடுதலாகச் செய்த வேலை 90 சதவீதம், ஐந்து நிமிடம், பெருக்கினால் 450. அதை 30 நிமிடத்துக்குப் பரப்பினால் 15 வரும், பத்தோடு சேர்த்து 25. 120 நிமிடத்துக்குப் பரப்பினால் 3.75. 1,440 நிமிடத்துக்கு 0.31. உயரம் குறையக் குறைய அகலம் கூடுகிறது. கோட்டுக்குக் கீழே இருக்கும் பரப்பளவு எந்த வட்டத்திலும் மாறுவதில்லை. மொத்தம் எவ்வளவு வேலை நடந்தது என்று கேட்டால் ஆண்டுக் கிராஃப் துல்லியமாகவே பதில் சொல்லும். எந்த நேரத்தில் மூச்சு முட்டியது என்ற கேள்விக்குத்தான் அதனிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்கும் வழி இருக்கிறது. சராசரி வட்டங்களோடு உச்ச வட்டங்களையும் வைக்கலாம். ஆறு எண்களில் பெரியது எதுவோ அதை மட்டும் அது வைத்துக்கொள்ளும். கோப்பு இரண்டு மடங்காகும், அப்போதும் 46 கிலோபைட்தான். இரண்டு கோடுகளையும் ஒரே படத்தில் வரைந்தால், இடைவெளி எங்கே அகல்கிறதோ அங்கே ஏதோ துள்ளியிருக்கிறது என்று பொருள். ஆனால் உச்ச வட்டத்தை இன்று சேர்த்தால் இன்று முதல்தான் அது நிரம்பும். ஏற்கெனவே கரைந்துவிட்ட உச்சங்கள் திரும்பி வராது. ஐந்து நிமிடத்துக்குள் நடந்ததையும் அது காட்டாது. முப்பது நொடி நூறு, மீதி 270 நொடி பத்து என்றால் முதல் வட்டத்தில் விழுவதே 19தான்.

எண்களைச் சராசரியாக்கிச் சுருக்காமல் அப்படியே வைத்துக்கொள்ளும் ப்ரொமீதியஸ் போன்ற புதிய கருவிகளிலும் இந்தப் பிரச்சினை முழுதாகத் தீர்வதில்லை. முப்பது நாளை ஆயிரம் பிக்சலில் வரைந்தால் ஒரு பிக்சலுக்கு 43 நிமிடம். அந்த 43 நிமிடத்துக்கும் ஒரே மதிப்பைத்தான் யாராவது தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

வட்டத்தில் இன்னொரு நேர்மையும் உண்டு. பதில் வராவிட்டால் ஆர்.ஆர்.டி.டூல் பூஜ்யம் என்று எழுதாது, 'தெரியாது' என்று எழுதும். கிராஃபில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். இந்த வெறுமையைப் பலர் கருவியின் கோளாறு என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். எஸ்.என்.எம்.பி.க்குப் பதில் சொல்ல வேண்டியதும் அதே சர்வரில் ஓடும் ஒரு நிரல்தானே? சர்வர் திணறினால் அதற்கும் முறை வராது, கேள்வி காலாவதியாகிவிடும். 40, 70, 95 என்று ஏறிவந்து திடீரென்று வெறுமை என்றால், அந்த நாளின் மிக மோசமான நேரம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இங்கே என் கருத்து ஒன்றையும் சொல்லியாக வேண்டும். காரணம் தெரியாமல் தினமும் காலையில் சர்வரை ரீஸ்டார்ட் செய்யும் வழக்கத்தை மூடநம்பிக்கை என்றுதான் நான் சொல்வேன். செய்தால் சரியாகிறது என்பது உண்மைதான். ஆனால் நினைவகத்தில் இருந்த தடயமும் அதோடு போய்விடுகிறது, மறுநாள் அதே பிரச்சினை வந்து நிற்கிறது. கிராஃப் கையில் இருக்கும்போது ஊகத்தை நம்புவது தேவையில்லாத ஒன்று. அப்புறம், பல்கலைக்கழக ஊழியர் ஒருவர் தன் வேலைக்காக எழுதி இலவசமாகக் கொடுத்த கருவியை வைத்து எத்தனையோ நிறுவனங்கள் காலம் தள்ளியிருக்கின்றன. புதிய கண்டுபிடிப்புக்கு நிதி கேட்டால் காது கொடுக்கிறார்கள். இருக்கும் கருவியைப் பராமரிக்கக் கேட்டால் படிவத்தில் அதற்கு ஒரு கட்டமே இருப்பதில்லை. ஆராய்ச்சி நிதியில் பராமரிப்புக்கு என்று நிரந்தரமாக ஒரு பங்கு ஒதுக்கப்பட வேண்டும்.

கடைசியாக, சி.பி.யு. சதவீதத்தோடு குழப்பிக்கொள்ளப்படும் லோடு ஆவரேஜ். இது புதிதல்ல, டெனெக்ஸ் இயங்குதளத்தின் லோடு ஆவரேஜ் எண்கள் 1973லேயே ஆர்.எஃப்.சி. 546 என்ற ஆவணத்தில் வெளிவந்தன. இது சதவீதம் அல்ல, வரிசையின் நீளம்: ஓடிக்கொண்டிருப்பவை, ஓடக் காத்திருப்பவை எல்லாம் சேர்த்து எத்தனை. லினக்ஸ் ஐந்து நொடிக்கு ஒருமுறை பழைய மதிப்பை 1884/2048ஆல் பெருக்கி, மீதிப் பங்குக்கு இப்போதைய நீளத்தைச் சேர்க்கிறது. அது ஒரு நிமிட லோடு. ஐந்து, பதினைந்து நிமிடங்களுக்கு 1884க்குப் பதில் 2014, 2037 என்ற எண்கள். இதில் வட்டமே கிடையாது. கடந்த காலம் முழுவதும் மங்கிக்கொண்டே ஒற்றை எண்ணில் தங்கியிருக்கிறது. சும்மா இருந்த இயந்திரத்தில் ஒரு நிரல் சரியாக ஒரு நிமிடம் முழுமூச்சாக ஓடினால், ஒரு நிமிட லோடு 1 ஆகாது, 0.63 ஆகும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும் கருவியில் ஒரு நிமிட லோடை வரைய வேண்டாம். நான்கு நிமிடம் முன்பு முடிந்துபோன நெருக்கடியில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவாகவே அதில் மிஞ்சியிருக்கும். ஐந்து நிமிட லோடில் 45 சதவீதம் மிஞ்சும், அதையே வரையுங்கள். சி.பி.யு. படத்துக்கு நேர் கீழே அதை வையுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் கணக்கிடும் வேலை அதிகம். லோடு 30, சி.பி.யு. 20 சதவீதம் என்று முரண்பட்டால் டிஸ்கைச் சந்தேகியுங்கள்: லினக்ஸ் 1993 முதல் டிஸ்குக்காகக் காத்துக் கிடப்பவற்றையும் வரிசையில் எண்ணுகிறது. அதை உறுதி செய்ய, முன்பு சொன்ன எண்தொடரில் 53க்குப் பதில் 54 என்று கேளுங்கள். டிஸ்குக்குக் காத்திருந்த நேரத்தின் எண்ணி அங்கே இருக்கிறது.