கிணறு உவர்த்த ஊர் எங்கே கேட்பது?

ராமநாதபுரம் கடற்கரையில் தேவிபட்டினம் முதல் தொண்டி வரையுள்ள ஊர்களிலிருந்து என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி மனுவைத்தான் கொண்டுவருகிறார்கள். 'இறால் பண்ணைத் தண்ணீரால் எங்கள் கிணறு உவராகிவிட்டது, நிவாரணம் வழங்க வேண்டும்.' திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தது. அது துறை துறையாகச் சுற்றி, பரிசீலனையில் உள்ளது என்ற பதிலோடு நின்றுவிடும். ஊரின் பக்கம் நியாயம் இருக்கிறது. அதைக் காட்டும் தாள்தான் இல்லை.

மானியம் வேறு, இழப்பீடு வேறு. மீன்வளத் துறை வழியாக வரும் மத்ஸ்ய சம்பதா என்ற ஒன்றிய அரசுத் திட்டத்தில் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் திட்டச் செலவில் 60 சதவீதம் வரை, மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை மானியம் உண்டு. கடல்பாசி வளர்க்க அதை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் பாழான கிணற்றுக்கு அது ஈடாகாது.

ஈடு கேட்க வேண்டிய இடம், சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அந்தத் தீர்ப்பாயத்துக்கான 2010 சட்டத்தின் 15ஆம் பிரிவில் இழப்பீடு கேட்க 5 ஆண்டுகள் அவகாசம். ஈடு அல்லாமல், பண்ணை மீதே நடவடிக்கை கேட்டு 14ஆம் பிரிவில் போவதென்றால் 6 மாதம்தான். 'பேசித் தீர்க்கலாம்' என்று இழுத்தடித்தே இந்த 6 மாதத்தைக் கரைத்துவிடுகிறார்கள், கவனம். கேட்கும் தொகையில் 1 சதவீதம் கட்டணம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை.

சரி, நிரூபிப்பது எப்படி? எதிர்த் தரப்பு முதலில் சொல்வது, 'இந்த மண்ணே உவர் மண்தானே' என்பதுதான். ராமநாதபுரம் கரையில் அது பல இடங்களில் உண்மையும்கூட. அதனால் ஒரு கிணற்றுத் தண்ணீரை மட்டும் சோதித்துப் பயனில்லை. பண்ணையை ஒட்டிய கிணறு, தள்ளியிருக்கும் கிணறு, பண்ணைக் கழிவு விழும் வாய்க்கால், மூன்றிலும் ஒரே நாளில் எடுக்க வேண்டும். கோடையில் ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்புறம் இன்னொரு தடவை. எடுக்கும்போது கிராம நிர்வாக அலுவலரையோ ஊராட்சித் தலைவரையோ உடன் நிறுத்தி, கையெழுத்து வாங்குங்கள். சோதனையைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் செய்யலாம். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில்தான் 2000 வரை. கிணற்றின் பழைய சோதனை முடிவு ஏதாவது அரசிடம் இருந்தால், அதுதான் உங்கள் பலமான சாட்சி. 10 ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பண்ணைக்குக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்பதையும் அதே முறையில் கேட்கலாம். குடிநீர் ஆதாரத்திலிருந்து பண்ணை 100 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்கிறது அந்த ஆணையத்துக்கான 2005 சட்டத்தின் கீழ் வந்த வழிகாட்டுதல். ஊரே நின்று அளந்து பாருங்கள்.

சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் இறால் பண்ணைகளை எதிர்த்துப் போட்ட வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன் நீரி என்ற தேசிய சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகளைக் கடற்கரைக்கு அனுப்பி அறிக்கை வாங்கியது. மாசு செய்தவரே ஈடு தர வேண்டும் என்ற உத்தரவுக்கு அந்த அறிக்கை பெரிய பலம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்பார்கள். 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. குடம் தூக்கி நடப்பவர்கள் பெண்கள்தானே, மனுதாரர்களாக அவர்களே முன்னால் நிற்கட்டும். ஆணைக்குழுவின் உதவி எண் 15100. மனு எழுதிய பிறகு அல்ல, எழுதுவதற்கு முன்பே அழையுங்கள்.