ஏற்காட்டுப் பாம்பைச் சேலத்துக்குக் கொண்டுவராதீர்கள்

மழைக்காலம் வந்தால் ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களிலிருந்து எங்களைப் போன்ற பாம்பு மீட்பாளர்களுக்கு வரும் அழைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், இருதலை மணியன் வந்திருக்கு!"

இருதலை மணியன் என்றால் மண்ணுளிப் பாம்பு. போய்ப் பார்த்தால் அது மண்ணுளிப் பாம்பே இல்லை. விரல் தடிமன்தான் இருக்கும். தலை கூர்மை. வால் மட்டும் சாய்வாக வெட்டிவிட்டது மாதிரி மொட்டையாக முடியும். அந்த மொட்டைப் பகுதியைத் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். ஈரமண் அப்பி ஒரு வில்லையாக ஒட்டியிருக்கும். வளைக்குள் போகும்போது பின்னால் அடைப்பாக இருப்பது அதுதான். கேடயவால் பாம்பு என்று சொல்வோம். விஷம் கிடையாது. கையில் எடுத்தாலும் கடிக்காமல் விரலிடுக்கில் தலையை நுழைத்து மண்ணைத் தேடும். மண்புழு தின்னும், குட்டி போடும். இந்தப் பாம்பு நக்கினால் வெண்குஷ்டம் வரும் என்பது வீண் பயம். அந்தப் பயத்தில்தான் மண்வெட்டியால் வெட்டிப்போடுகிறார்கள், பார்க்கவே வயிறு எரிகிறது.

இந்தப் பாம்பு ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைக்கே உரியது. 1863இல் இதை விவரித்தவர் பெட்டோம். சென்னை மாகாணத்தில் ராணுவத்திலிருந்து வனப்பணிக்கு வந்த அதிகாரி. மருத்துவர் ஜான் ஷார்ட்டின் நினைவாக 'சிலிபூரா ஷார்ட்டியை' என்று பெயர் வைத்தார். அப்புறம் வந்தவர்கள் இதைத் தனி இனமாக ஏற்காமல், மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள 'யூரோபெல்டிஸ் சிலானிக்கா'வோடு சேர்த்துவிட்டார்கள். (பெயரில் சிலோன் இருந்தாலும் அந்தப் பாம்பு இலங்கையில் இல்லை.) 2014இல் வெளியான மறு ஆய்வுதான் இதை 'யூரோபெல்டிஸ் ஷார்ட்டியை' என்ற பெயரில் தனி இனமாக மீட்டுக் கொடுத்தது. இடைப்பட்ட காலம் முழுக்க, வேறு மலைகளிலும் இருக்கிற பாம்புதானே என்ற எண்ணத்தில் இதைப் பற்றிக் கவலைப்பட ஆளில்லை.

ஏன் இந்த மலையில் மட்டும்? சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் குளிர்ந்த, சருகு மக்கிய மண். சுற்றிலும் சேலத்துச் சமவெளியின் வெயில். மண்ணுக்குள் வாழும் ஒரு பிராணியால் அதைத் தாண்டிப் பக்கத்து மலைக்குப் போக முடியாது. ஏற்காட்டுப் பாறைப் பல்லிகளின் கதையும் இதேதான். 2000இல் ஒன்றுக்கு ஏற்காட்டின் பெயரையே வைத்தார்கள். 2019இல் இதே மலைத்தொகுதியிலிருந்து இன்னும் இரண்டு புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன.

அதனால்தான் கேட்கிறேன். குழி வெட்டும்போது பாம்பு வந்தால் அங்கேயே நிழலில், சருகுக்கு அடியில் ஈரமண்ணில் விட்டுவிடுங்கள். தானே உள்ளே போய்விடும். நல்லது செய்வதாக நினைத்துப் பாட்டிலில் போட்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்துக்கு எடுத்து வருகிறார்கள். அந்தச் சூட்டை அது தாங்காது. வேறு மலையில் விடுவதும் சரியில்லை. வீட்டுக்குள் வந்துவிட்டது, பயமாக இருக்கிறது என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சாலையில் நசுங்கிக் கிடந்தால்கூட ஒரு படம் எடுங்கள்: தலை மேலிருந்து, வால் பக்கவாட்டிலிருந்து. எந்த ஊர், எந்தத் தோட்டம் என்பதையும் சேர்த்து எங்களுக்கோ பக்கத்துக் கல்லூரி விலங்கியல் துறைக்கோ அனுப்புங்கள். மலையில் எந்தெந்தப் பக்கம் இது மிச்சமிருக்கிறது என்பதை அப்படித்தான் குறித்து வைக்க முடியும்.