மவுஸின் நான்காவது பொத்தான்

மவுஸின் இடப்பக்கத்தில், கட்டைவிரல் தானாகவே போய் நிற்கும் இடத்தில், சில மவுஸ்களுக்கு இரண்டு சிறு பொத்தான்கள் இருக்கும். உலாவியில் முந்தைய பக்கத்துக்குத் திரும்பவும் அடுத்த பக்கத்துக்குச் செல்லவும் அவை உதவும் என்பது பலரும் அறிந்ததே. அவற்றில் ஒன்றை அழுத்தினால், விசைப்பலகையில் கண்ட்ரோலையும் சி விசையையும் சேர்த்து அழுத்தியதைப் போல, தேர்ந்தெடுத்த பகுதி நகலாகும்படியும் செய்துகொள்ளலாம். இந்த மாற்றம் இவ்வளவு எளிதாக இருப்பதற்குக் காரணம், அந்தப் பொத்தானுக்கென்று சொந்தமாக ஒரு பொருள் கிடையாது என்பதுதான்.

யுஎஸ்பி மவுஸ் கணினிக்கு அனுப்பும் தகவல், அடிப்படை வடிவில், 3 பைட்டுகளே. முதல் பைட்டில் பொத்தான்களின் நிலையும், மற்ற இரண்டில் மவுஸ் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் எவ்வளவு நகர்ந்தது என்ற கணக்கும் இருக்கும். ஒரு பொத்தானுக்கு ஒரு பிட். அழுத்தினால் 1, விட்டால் 0. ஆகவே பக்கப் பொத்தானை அழுத்தும்போது கணினிக்குப் போய்ச் சேர்வது 'நான்காம் எண் அழுத்தப்பட்டது' என்ற செய்தி மட்டுமே. லினக்ஸில் திரையையும் மவுஸையும் கையாளும் எக்ஸ்11 அமைப்பில் அந்த எண்ணும் மாறி 8 ஆகிவிடும். ஏனெனில் 4 முதல் 7 வரையிலான எண்களை பக்கத்தை உருட்டும் உருளையின் நான்கு திசைகளும் முன்பே பிடித்துக்கொண்டன.

இந்த எண்ணைக் கண்ட்ரோல்–சி போன்ற குறுக்குவிசையாக மாற்ற இரண்டு இடங்கள் உண்டு. முதலாவது, கணினி. அங்கே இயங்கும் ஒரு மென்பொருள், பொத்தான் செய்தியை மற்ற நிரல்களுக்குப் போகவிடாமல் இடைமறித்து விழுங்கிவிட்டு, அதற்குப் பதிலாகக் கண்ட்ரோல் கீழே, சி கீழே, சி மேலே, கண்ட்ரோல் மேலே என்ற நான்கு விசை நிகழ்வுகளை இதே வரிசையில் அனுப்புகிறது. கடைசி நிகழ்வு எப்போதாவது தவறிப்போனால், கண்ட்ரோல் அழுத்தியபடியே இருப்பதாகக் கணினி நினைத்துக்கொள்ளும். அதன்பின் தட்டும் எழுத்தெல்லாம் கட்டளையாகி, 'எஸ்' என்று தட்டினால் கோப்பு சேமிக்கப்படும். உண்மையான கண்ட்ரோல் விசையை ஒருமுறை அழுத்தி விட்டால் சரியாகிவிடும் என்பதை அறியாதவர்கள் கணினியையே அணைத்துப் போடுவார்கள். இருந்தாலும், எந்த நிரல் முன்னால் திறந்திருக்கிறது என்பது மென்பொருளுக்குத் தெரியும் என்பதால், ஒரே பொத்தானை உலாவியில் ஒரு வேலைக்கும் படம் வரையும் நிரலில் வேறொரு வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது இடம், மவுஸின் உள்ளே இருக்கும் நினைவகம். இவ்வகை மவுஸ், கணினியில் செருகியதும், தன்னை ஒரு மவுஸாகவும் கூடவே ஒரு விசைப்பலகையாகவும் அறிமுகம் செய்துகொள்கிறது. பொத்தானை அழுத்தினால் விசைப்பலகை அனுப்புவதைப் போன்ற செய்தியைத் தானே அனுப்பும் என்பதால், எந்தக் கணினியிலும் தனி மென்பொருள் தேவையில்லை. ஆனால் அந்தச் செய்தியில் இருப்பது எழுத்தன்று, விசையின் இடத்தைக் குறிக்கும் எண். ஏ விசைக்கு 4, சி விசைக்கு 6. அந்த 6-ஐத்தான் தமிழ்99 என்னும் தமிழ் விசைப்பலகை அமைப்பு 'ஒ' என்று படிக்கிறது. பிரெஞ்சு விசைப்பலகையிலோ ஏ, கியூ இரண்டும் இடம் மாறி இருக்கின்றன. அதனால், 'அனைத்தையும் தேர்ந்தெடு' என்பதற்காகக் கண்ட்ரோலையும் 4-ஐயும் மவுஸில் பதித்துக்கொண்டு பிரெஞ்சு அமைப்புள்ள கணினிக்குப் போனால், அது கண்ட்ரோல்–கியூ ஆகிவிடும். பல நிரல்களில் அது மூடிவிட்டு வெளியேறும் கட்டளை!

இரண்டையும் இணைக்கும் வழி ஒன்று உண்டு. எனக்குப் பிடித்ததும் அதுவே. விசை எண்களின் பட்டியலில் எஃப்13 முதல் எஃப்24 வரை 12 விசைகளுக்கு இடம் இருந்தும், இன்றைய சாதாரண விசைப்பலகைகளில் அவை இல்லை. மவுஸின் நினைவகத்தில் எஃப்13-ஐப் பதித்துவிட்டு, அது வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தந்தக் கணினியின் மென்பொருளில் சொல்லி வைக்கலாம். கைதவறி அழுத்தவும் வாய்ப்பில்லை, எழுத்து இடம் மாறுமோ என்ற கவலையும் இல்லை.