சதுரம் சதுரமாக உடையும் முகம்

போன வாரம் அம்மாவோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தேன். குக்கர் விசில் அடித்ததும் அவர் அடுப்படிப் பக்கம் திரும்பினார். தலை திரும்பிவிட்டது, கன்னத்தில் ஒரு பகுதி மட்டும் பழைய இடத்திலேயே சதுரம் சதுரமாக ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டு நொடியில் சரியாகிவிட்டது. மொட்டைமாடி ஆன்டெனா காலத்தில் சிக்னல் குறைந்தால் டிவி முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பறக்கும். அப்போது சதுரம் எதுவும் தெரிந்ததில்லை. இது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் 1980களின் தொலைபேசிக் கம்பியில் போய் நிற்கிறோம்.

அப்போது வந்த ஐஎஸ்டிஎன் என்ற டிஜிட்டல் தொலைபேசி இணைப்பில் ஒரு சேனல் நொடிக்கு 64,000 பிட் (ஒரு பிட் என்பது 0 அல்லது 1) கொண்டுபோகும். அதில் ஆள் முகத்தையும் அனுப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். ஜப்பானியப் பொறியாளர் சகாயே ஒகுபோ தலைமையில், உலகத் தொலைத்தொடர்பு அமைப்பான சிசிஐடிடியின் குழு ஒன்று அதற்கான தரநிலையை எழுதியது. பெயர் எச்.261. 1988-இல் முதல் ஒப்புதல் கிடைத்தது. 1990-இல் முழு வடிவம் வந்தது.

முதல் சிக்கல் படத்தின் அளவிலேயே இருந்தது. இந்தியாவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் டிவி படத்துக்கு 625 வரி, நொடிக்கு 25 படம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 525 வரி, நொடிக்கு ஏறக்குறைய 30 படம். எந்த முறையை எடுத்தாலும் மறுபக்கத்துக்காரர்கள்தான் முழுச் சுமையையும் தாங்க வேண்டும். குழு கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. 625 வரியில் கண்ணுக்குத் தெரிவது 576; அதில் பாதியான 288 வரியை ஐரோப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். நொடிக்கு 30 படம் என்பதை அமெரிக்க, ஜப்பானிய முறையிலிருந்து எடுத்தார்கள். ஒருவர் வரியை மாற்றிக்கொள்ள வேண்டும், மற்றவர் வேகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆளுக்குப் பாதி வேலை. இப்படிப் பிறந்ததுதான் சிஃப் எனப்படும் 352×288 அளவு.

சரி, அதை அப்படியே அனுப்பினால் என்ன ஆகும்? ஒரு படத்தில் 1,01,376 புள்ளிகள். வெளிச்ச வேறுபாட்டை நம் கண் கூர்மையாகப் பிடிக்கும், நிற வேறுபாட்டில் அந்தக் கூர்மை இல்லை. அதனால் நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவல் போதும். அப்படிக் குறைத்த பிறகும் புள்ளிக்குச் சராசரியாக 12 பிட், நொடிக்குச் சுமார் 3.65 கோடி பிட். கம்பியிலோ 64,000. ஏறக்குறைய 570 மடங்கு சுருக்க வேண்டும்.

இங்கேதான் சதுரம் வருகிறது. படத்தை 16×16 புள்ளி கொண்ட கட்டங்களாக வெட்டுகிறார்கள். குறுக்கே 22, நெடுக்கே 18, மொத்தம் 396. ஒவ்வொரு கட்டத்துக்கும் முந்தைய படத்தில் அதே போன்ற பகுதி எங்கே இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் தேடுகிறார்கள். கிடைத்துவிட்டால் “அங்கிருந்து மூன்று புள்ளி வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது” என்ற குறிப்பும், மிச்சமுள்ள சிறு வித்தியாசமும் போதும். அம்மாவின் பின்னால் இருக்கும் சுவர் அசைவதே இல்லை. அதற்கு எதுவுமே அனுப்ப வேண்டியதில்லை.

மிச்சமுள்ள வித்தியாசத்தைச் சுருக்குவது தனித்த கொசைன் உருமாற்றம், சுருக்கமாக டிசிடி. 8×8 துண்டில் உள்ள 64 எண்களை, “மொத்த வெளிச்சம் இவ்வளவு, மெல்ல மாறுவது இவ்வளவு, பொடிப்பொடியாக மாறுவது இவ்வளவு” என்று வேறு 64 எண்களாக அது மாற்றித் தருகிறது. இதை உருவாக்கியவர் பெங்களூரில் பிறந்து, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நசீர் அகமது. 1972-இல் இந்த ஆய்வுக்கு அவர் நிதி கேட்டபோது, யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். அவர் விடவில்லை. டி. நடராஜன், கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையை வெளியிட்டார். ராவ் நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். உலகமெங்கும் உள்ள ஜேபெக் புகைப்படங்களும் டிவிடிகளும் இந்த மூவரின் கணக்கில்தான் ஓடுகின்றன. நம் பள்ளிப் பாடத்தில் இந்தப் பெயர்கள் இருக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

அந்த 64 எண்களை அடுத்து ஒரு படி எண்ணால் வகுக்கிறார்கள். படி 20 என்றால் 83 என்பது 4 ஆகிவிடும். 7, 5 போன்ற சிறிய எண்கள் பூஜ்யமாகிவிடும். பூஜ்யங்களை வரிசையாக எண்ணிச் சொல்ல மிகக் குறைந்த பிட் போதும். இணைப்பு மெதுவாகும்போது அனுப்பும் கருவி படியைப் பெரிதாக்குகிறது. கடைசியில் துண்டுக்குச் சராசரி வெளிச்சம் மட்டுமே மிஞ்சும். முகம் தட்டையான சதுரங்களாகத் தெரியும்.

இதில் இன்னொன்றும் உண்டு. தரநிலை பெறும் கருவிக்குத்தான் கட்டளை போடுகிறது: இந்த பிட் வரிசை வந்தால் இந்தப் படத்தைக் காட்டு, அவ்வளவுதான். அனுப்பும் கருவி எப்படித் தேட வேண்டும், எதை விட வேண்டும் என்பது அதைச் செய்பவர்களின் திறமைக்கே விடப்பட்டிருக்கிறது. அதனால்தான் வீட்டில் இருக்கும் பழைய பெட்டியை மாற்றாமலேயே, ஒளிபரப்புபவர்கள் நல்ல அனுப்பும் கருவி வாங்கினால் படம் தெளிவாகிறது. எச்.261-க்குப் பின் 2003-இல் எச்.264, 2013-இல் எச்.265, 2020-இல் எச்.266 என்று வந்தன. கட்டம் எச்.265-இல் 64×64 வரையும், எச்.266-இல் 128×128 வரையும் வளர்ந்தது. அடிப்படை வழிமுறை மாறவில்லை.

அம்மாவின் கன்னத்துக்கு வருவோம். அது வேறு வகைச் சதுரம். வழியில் சில தகவல்கள் தொலைந்துவிட்டன. புது வித்தியாசம் வராத கட்டத்தில் பழைய படமே நின்றுவிட்டது. அடுத்தடுத்து வரும் வித்தியாசங்களும் தவறான படத்தின் மேலேயே போய் உட்கார்கின்றன. எச்.261 எழுதியவர்கள் பிழை சேர்ந்துகொண்டே போகும் ஆபத்தை அப்போதே பார்த்துவிட்டார்கள். இரண்டு முனைக் கருவிகளும் டிசிடியைத் துளி வேறுபாட்டோடு கணக்கிட்டால்கூட, அந்தத் துளிகள் சேர்ந்து படம் கெடும். ஆகவே எந்தக் கட்டமானாலும், அதை அனுப்பும் 132 தடவைக்குள் ஒரு தடவையாவது பழையதை நம்பாமல் முழுசாக வரைந்து அனுப்ப வேண்டும் என்று விதி வைத்தார்கள். டிவி ஒளிபரப்பில் இந்த முழுப் படம் குறிப்பிட்ட இடைவெளியில் தானாக வரும். இன்றைய வீடியோ காலில், தகவல் தொலைந்ததை அறிந்ததும் நம் போனே மறுமுனையிடம் புதுப் படம் கேட்கும். அன்று அந்த இரண்டு நொடிக்குள் என் போன் அப்படிக் கேட்டு வாங்கியிருக்கிறது. கன்னம் முகத்தோடு சேர்ந்தது.