போஸ்ட்-பேக்கலாரியட்: பட்டத்துக்குப் பின், ஆனால் முதுநிலை அன்று

அமெரிக்காவில் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க விரும்புவோர் தொடக்கத்திலேயே சந்திக்கும் சொற்களுள் ஒன்று ‘போஸ்ட்-பேக்கலாரியட்’. பேச்சில் அது ‘போஸ்ட்-பேக்’ என்று சுருங்கிவிடும். இளநிலைப் பட்டம் பெற்ற ஒருவர், அதற்குப் பிறகும் இளநிலைத் தரத்திலான அறிவியல் பாடங்களைப் படித்து, விடுபட்ட முன்தேவைப் பாடங்களை நிறைவு செய்வதோ முன்பு வாங்கிய குறைந்த மதிப்பெண்களுக்கு ஈடுசெய்வதோ இச்சொல்லின் பொருள். ‘போஸ்ட்’ என்ற முன்னொட்டைக் கண்டதும் நம்மவர் பலர் இதை ‘போஸ்ட் கிராஜுவேட்’ என்பதோடு இணைத்து முதுநிலைப் படிப்பாக எண்ணிக்கொள்கிறார்கள். அந்தக் குழப்பம் மாணவர்களின் பணத்தையும் ஆண்டுகளையும் வீணாக்கக்கூடியது என்பதால், சொல்லின் பொருளையும் வரலாற்றையும் அதற்குத் தமிழில் எதைச் சொல்வது என்பதையும் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

‘போஸ்ட்’ இலத்தீன் சொல். ‘பின்’ என்று பொருள்படும். அதில் சிக்கல் ஏதும் இல்லை. ‘பேக்கலாரியட்’ என்பதன் கதைதான் நீண்டது. இடைக்கால இலத்தீனில் ‘பாக்கலாரியுஸ்’ என்ற சொல் நிலவுடைமைச் சமூகத்தின் கீழ்ப்படியில் இருந்தவரைக் குறித்தது. பிறருடைய நிலத்தில் குடியிருந்து உழுதவரும், சொந்தக் கொடியின்றி மற்றொரு வீரனின் கொடியின்கீழ்ப் போரிட்ட இளம் வீரரும் அப்பெயரால் அழைக்கப்பட்டனர். 13ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழகம் அச்சொல்லை எடுத்து, ஆசிரியர் நிலைக்கு இன்னும் உயராத, முதற்படியை மட்டும் கடந்த மாணவருக்குச் சூட்டியது. பின்னர் வந்த இலத்தீன் அறிஞர்கள், இலத்தீனில் ‘பாக்கா’ என்பது கனியையும் ‘லௌருஸ்’ என்பது வாகை சூடப் பயன்பட்ட லாரல் மரத்தையும் குறிப்பதால், ஒலியொப்புமை கருதி ‘பாக்கலாரியுஸ்’ என்ற பழைய வடிவை ‘பாக்கலௌரேயுஸ்’ என்று மாற்றி எழுதத் தொடங்கினர். ஆகவே பட்டத்தின் பெயரில் தெரியும் லாரல் மாலை பிற்காலத்தில் அணிவிக்கப்பட்டது. வேரில் இருப்பது இளையவன், கீழ்ப்படியில் நிற்பவன் என்ற பொருளே. இதே சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் புகுந்து ‘பேச்சிலர்’ ஆகி, இளம் வீரன், மணமாகாதவன், முதற்பட்டம் பெற்றவர் என மூன்று பொருள்களையும் தாங்கி நின்றது.

இலங்கைத் தமிழில் முதற்பட்டம் பெற்றவரைக் கலைமாணி, விஞ்ஞானமாணி என்று சொல்லும் வழக்கை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ‘மாணி’ என்பது பழந்தமிழில் மணம் புரியாமல் கல்வி கற்கும் பிரமசாரியைக் குறிக்கும் சொல். வாமனனாக வந்த திருமாலை ஆழ்வார் பாசுரங்கள் மாணி என்றே அழைக்கின்றன. மணமாகாதவனையும் பட்டம் பெற்றவரையும் ஒரே சொல்லால் சுட்டும் ‘பேச்சிலர்’ என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல்லைத் தேடிப் பிடிப்பது கடினம். தமிழ்நாட்டு வழக்கான ‘இளநிலை’யும் ‘இளங்கலை’யும் இளையவன் என்ற வேர்ப்பொருளுக்கு நேராக வந்து நிற்கின்றன.

பிரான்சில் இச்சொல் வேறு திசையில் நடந்தது. நெப்போலியனின் 1808ஆம் ஆண்டு ஆணை, பல்கலைக்கழகப் பட்டங்களின் முதற்படியாக ‘பக்கலோரேயா’வை அமைத்தது, காலப்போக்கில் அது பள்ளியிறுதித் தேர்வின் பெயராகவே நிலைபெற்றுவிட்டது. எனவே ஒரு பிரெஞ்சு மாணவர் ‘போஸ்ட்-பக்’ என்றால் பள்ளிப் படிப்புக்குப் பின் என்றே பொருள். அல்ஃபோர், லியோன், நாந்த், துலூஸ் ஆகிய நான்கு நகரங்களின் தேசியக் கால்நடை மருத்துவப் பள்ளிகளிலும், பள்ளியிறுதி முடித்தவர்கள் நேரடியாகச் சேரும் வழி 2021இல் திறக்கப்பட்டபோது, அதற்கு வைக்கப்பட்ட பெயரும் ‘போஸ்ட்-பக்’ நுழைவுதான். ஒரே துறையில், ஒரே எழுத்துகளில், அங்கே பள்ளியை விட்டு நேரே கால்நடை மருத்துவத்துக்குள் செல்வதைக் குறிக்கும் சொல், அமெரிக்காவில் பட்டமும் பெற்றுவிட்டு இன்னும் வாசலில் நின்று ஆயத்தம் செய்வதைக் குறிக்கிறது. இணையத்தில் தகவல் தேடும் மாணவர் எந்த நாட்டுப் பக்கத்தைப் படிக்கிறோம் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் இப்படியொரு இடைப்படி தோன்றியதற்கான காரணம் அந்நாட்டுக் கல்வி அமைப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்தவர் நேரடியாக ஐந்தரை ஆண்டு பி.வி.எஸ்சி. & ஏ.எச். படிப்பில் சேர்கிறார், இலங்கையில் உயர்தரப் பரீட்சை எழுதியவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சேர்கிறார். இரு நாடுகளிலும் கால்நடை மருத்துவமே முதற்பட்டம். அமெரிக்காவில் அது டி.வி.எம். என்னும், பெரும்பாலும் நான்காண்டு நீளும் தொழிற்பட்டம். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் மட்டும் தன் மரபுப்படி அதை வி.எம்.டி. என்று வழங்குகிறது. நாட்டின் முதல் டி.வி.எம். பட்டத்தை 1876இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பெற்றவர் டேனியல் எல்மர் சால்மன். சால்மொனெல்லா கிருமிக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. இந்தப் படிப்பில் சேர வேதியியல், கரிம வேதியியல், உயிர்வேதியியல், இயற்பியல், உயிரியல், மரபியல், புள்ளியியல் எனக் கல்லூரித் தரத்திலான ஒரு வரிசைப் பாடங்களை முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும். சில கல்லூரிகள் பட்டமே இல்லாதவரையும் இப்பாடங்களை முடித்திருந்தால் சேர்த்துக்கொள்ளும் என்றாலும், சேர்பவர்களில் பெரும்பாலோர் பட்டதாரிகளே. சில கல்லூரிகள் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு முன் படித்த அறிவியல் பாடங்களை ஏற்பதில்லை. அப்போது நல்ல மதிப்பெண் பெற்றவரும் அதே பாடத்தை மறுபடியும் படிக்க நேரிடும்.

இந்த இடத்தில்தான் சொல்லின் துல்லியமான பொருள் வேலை செய்கிறது. அந்நாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் பெரும்பாலும் வி.எம்.சி.ஏ.எஸ். என்னும் பொது விண்ணப்பச் சேவை வழியாகவே விண்ணப்பங்களைப் பெறுகின்றன. அதில் விண்ணப்பதாரர் தாம் படித்த ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியாகப் பதிந்து, அது எந்த நிலையில் படிக்கப்பட்டது என்பதையும் குறிக்க வேண்டும். முதலாண்டு, இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு, இறுதியாண்டு என்ற நிலைகளுக்கு அடுத்ததாகப் போஸ்ட்-பேக்கலாரியட் என்ற நிலையும், அதிலிருந்து பிரிந்து முதுநிலை என்ற நிலையும் இருக்கின்றன. முதற்பட்டம் பெற்ற பிறகு படித்த இளநிலைத் தரப் பாடம் மட்டுமே போஸ்ட்-பேக்கலாரியட் ஆகும். பட்டத்துக்குப் பின் படித்திருந்தாலும் எம்.எஸ். படிப்பின் பாடம் இதில் அடங்காது. சொல்லின் முற்பாதி காலத்தைச் சொல்கிறது, தரத்தைச் சொல்லவில்லை. தரம் இளநிலையே.

இந்த வேறுபாடு எண்களில் எப்படித் தெரியும் என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். ஒருவர் 120 கிரெடிட் (பாட அளவைக் கணக்கிடும் அலகு) படித்து, 4.0 அளவுகோலில் 3.0 சராசரியுடன் பட்டம் பெற்றிருக்கிறார் என்று கொள்வோம். பிறகு ஓராண்டில் 30 கிரெடிட் படித்து எல்லாவற்றிலும் முழு மதிப்பு பெறுகிறார். அவருடைய ஒட்டுமொத்தச் சராசரி 3.2க்கு மட்டுமே உயரும். ஓராண்டு உழைப்புக்கு இது சோர்வு தரும் பலன்தான். ஆனால் வி.எம்.சி.ஏ.எஸ். கடைசி 45 கிரெடிட்டுக்கான சராசரியையும் தனியே கணக்கிடுகிறது. புதிய 30 கிரெடிட்டும், பழைய படிப்பின் இறுதி 15 கிரெடிட்டும் (அவற்றிலும் 3.0 பெற்றதாகக் கொண்டால்) சேர்ந்த அந்தச் சராசரி ஏறத்தாழ 3.67 ஆகிவிடும். இக்கடைசிச் சராசரிக்கு மதிப்பளிக்கும் கல்லூரிகளைத் தேர்ந்து விண்ணப்பிப்பவருக்கே போஸ்ட்-பேக் படிப்பு முழுப் பயன் தரும். இன்னொன்றையும் அறிந்திருப்பது நல்லது. ஒரு பாடத்தை மறுபடி படித்தால், படித்த கல்லூரி பழைய மதிப்பெண்ணை நீக்கிப் புதியதை மட்டும் கணக்கில் கொள்ளக்கூடும், வி.எம்.சி.ஏ.எஸ். இரண்டையும் சேர்த்தே சராசரி காணும். கரிம வேதியியலில் முதலில் 2.0, பின்னர் 4.0 பெற்றவருக்கு அங்கே 3.0தான். ஆகவே தேர்ச்சி பெற்ற பழைய பாடங்களையே திரும்பத் திரும்பப் படிப்பதைக் காட்டிலும், உடலியங்கியல், நுண்ணுயிரியல், விலங்கு ஊட்டவியல் போன்ற புதிய உயர்நிலைப் பாடங்களில் திறமையைக் காட்டுவதே பெரும்பாலும் அறிவுடைமை என்பது என் கருத்து.

போஸ்ட்-பேக் மாணவர்களில் இருவகையினர் உண்டு. வரலாறோ வணிகவியலோ படித்துவிட்டு, பின்னர் விலங்கு மருத்துவத்தின்பால் மனம் திரும்பி, அறிவியல் பாடங்களை முதன்முறையாகப் படிப்பவர்கள் ஒருவகை. இவர்களைத் துறை மாறுவோர் எனலாம். அறிவியலில் பட்டம் பெற்றும் மதிப்பெண் போதாமையால் அதை உயர்த்தப் படிப்பவர்கள் மற்றொரு வகை. அமெரிக்க நடுவண் அரசின் கல்விக்கடன் விதியே இவ்விருவரையும் பிரித்துப் பார்க்கிறது. மேற்படிப்பில் சேரக் கட்டாயமான முன்தேவைப் பாடங்களுக்குத் தொடர்ச்சியான 12 மாதங்கள் வரை கடன் பெறலாம். சராசரியை உயர்த்துவதற்காக மட்டும் படிக்கும் பாடங்கள் அந்த வகையில் சேரா. முதற்பட்டம் பெற்றவருக்குப் பெல் என்னும் நடுவண் அரசு உதவித்தொகையும் பொதுவாகக் கிடைக்காது. இவற்றை அறியாமல் சேர்ந்துவிட்டால் கட்டணம் முழுவதும் சொந்தக் கையிலிருந்து போகும்.

‘வெட்டரினரி’ என்ற சொல்லைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சுமை தூக்கும் விலங்குகளைக் குறிக்கும் ‘வெட்டரினே’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து அது பிறந்தது. நம் ‘கால்நடை’யும் வளர்ப்பு மாடுகளையும் ஆடுகளையும் முதன்மையாகச் சுட்டிய சொல்லே, இன்று பூனைக்கும் கிளிக்கும் மருத்துவம் செய்பவரும் கால்நடை மருத்துவர்தான். இலங்கை வழக்கான ‘மிருக வைத்தியர்’ பரப்பில் சற்று அகன்றது. இரண்டும் வேரூன்றிய சொற்கள். எதையும் மாற்ற வேண்டியதில்லை.

போஸ்ட்-பேக்கலாரியட் என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது? எளிதில் நாவில் வரும் ‘பட்ட மேற்படிப்பு’ பொருந்தாது. தமிழ்நாட்டில் அது எம்.எஸ்., எம்.டி., எம்.வி.எஸ்சி. போன்ற முதுநிலைப் படிப்புகளுக்கு உரிய சொல்லாகிவிட்டது. சொல்லுக்குச் சொல் வைத்துப் ‘பட்டப்பின் படிப்பு’ என்றால் இலங்கை வாசகர் முதுநிலையையே எண்ணுவார். ஆசிரியர்கள் படிக்கும் பட்டப்பின் கல்வி டிப்ளோமா அங்கே அனைவரும் அறிந்தது. ‘பிற்பட்டப் படிப்பு’ என்று சுருக்கினால், பின்தங்கிய என்ற பொருளுள்ள ‘பிற்பட்ட’ என்ற சொல் இடையில் வந்து நிற்கிறது. அது மாணவரை இழிவுபடுத்துவதாகவும் முடியும். ‘இரண்டாம் இளநிலை’ என்றால் இன்னொரு பட்டம் பெறுவதாகப் பொருள்படும். போஸ்ட்-பேக் படிப்பின் முடிவில் பெரும்பாலும் பட்டம் ஏதும் இல்லை. சில நிறுவனங்கள் சான்றிதழ் தருகின்றன, சில வெறும் மதிப்பெண் பட்டியலோடு நிறுத்திக்கொள்கின்றன.

ஆகவே காலம், தரம், தன்மை ஆகிய மூன்றையும் சொல்லும்படி ‘பட்டத்துக்குப் பிந்தைய இளநிலைப் பாடப்படிப்பு’ என்பதையே பரிந்துரைக்கிறேன். ‘இளநிலை’ என்ற சொல் முதுநிலைக் குழப்பத்தைத் தடுக்கிறது. ‘பாடப்படிப்பு’ என்பது பட்டப்படிப்பிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுகிறது. நீளம் ஒரு குறைதான். ஒரு கட்டுரையில் முதன்முறை முழுமையாக எழுதிவிட்டு, அடுத்தடுத்த இடங்களில் ‘ஆயத்தப் பாடப்படிப்பு’ என்று சுருக்கிக்கொள்ளலாம். துறை மாறுவோருக்கும் மதிப்பெண் உயர்த்துவோருக்கும் அது ஒருசேரப் பொருந்தும். “அவர் வணிகவியலில் பட்டம் பெற்றபின், ஈராண்டு ஆயத்தப் பாடப்படிப்பை முடித்துக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார்” என்று எழுதினால் எவருக்கும் ஐயம் எழாது. பேச்சில் ‘போஸ்ட்-பேக்’ என்றே சொல்வதிலும் தவறில்லை.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ கால்நடை மருத்துவத்தில் பட்டம் பெற்று அமெரிக்காவில் பணியாற்றச் செல்பவர்களுக்கு இச்சொல் உரியதன்று என்பதையும் சேர்த்துக் குறிப்பிட வேண்டும். அவர்கள் ஏற்கெனவே கால்நடை மருத்துவர்கள். தங்கள் பட்டத்துக்கு இணைமதிப்புப் பெற, அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் நடத்தும் இ.சி.எஃப்.வி.ஜி. வழியிலோ, மாநில உரிம வாரியங்களின் கூட்டமைப்பு நடத்தும் பேவ் வழியிலோ சென்று, நாவ்லி என்னும் உரிமத் தேர்வையும் எழுதி, பணிபுரிய விரும்பும் மாநிலத்தின் உரிமத்தைப் பெற வேண்டும். அந்த வழிகளைத் தமிழில் ‘தகுதி இணைமதிப்பீடு’ என்று வேறு சொல்லால் குறிப்பதே முறை.