அலெக்சிதைமியா: இல்லாதது உணர்ச்சியா, சொல்லா?

வேலூரில் குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக நடந்த ஒரு கூட்டம். கையில் கொடுத்த துண்டறிக்கையில் மறுபடியும் அதே மொழிபெயர்ப்பு: அலெக்சிதைமியா என்ற உளவியல் சொல்லுக்கு 'உணர்ச்சியின்மை'. பக்கத்திலிருந்த குடியாத்தத்து அம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "அப்போ எங்க ஊட்டுக்காரரு கல்லுமனசுன்னு டாக்டரே எழுதிட்டாரா?" என்றார்.

கிரேக்கத்தில் 'அ' என்றால் இல்லை, 'லெக்சிஸ்' என்றால் சொல், 'தைமோஸ்' என்றால் மனவெழுச்சி. 1970களின் தொடக்கத்தில் மனநல மருத்துவர் பீட்டர் சிஃப்னியோஸ் கோத்த பெயர். இல்லாதது சொல்தான்.

அந்த அம்மாவின் கணவர் லுங்கித் தறி நெய்கிறவர். தம்பி செத்த அன்று, "நெஞ்ச அடைக்குது, வயிறு என்னமோ பண்ணுது" என்றாராம், அவ்வளவுதான். அது துக்கமா பயமா கோபமா என்று பிரிக்கத் தெரியவில்லை. ஒரு குவார்ட்டர் உள்ளே போனால் அடங்கும் என்பது மட்டும் தெரியும். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் தெரியும் உணர்ச்சிகளை, எண்ணி வைத்தார். இவருக்கு மெய்யில் படுகிறது, பெயர் வரவில்லை. இவரைப் போய் உணர்ச்சியற்றவர் என்பதா? இதை அளக்கும் டொரன்டோ அளவுகோலின் 20 கூற்றுகளும் மூன்றைத்தான் பார்க்கின்றன: உணர்வை இனங்காணும் சிரமம், அதை விவரிக்கும் சிரமம், உள்ளே பார்க்காமல் வெளி விவரங்களிலேயே ஓடும் நினைப்பு. உணர்ச்சி உண்டா இல்லையா என்ற கேள்வியே அங்கே கிடையாது.

தப்பான சொல் ஆளையே மாற்றிவிடும். குடிநோயாளிகளில் சிலருக்கு ஆளுமைக் கோளாறின், அதாவது தனக்கும் பிறருக்கும் தொல்லையாக ஊறிப்போன மனப்போக்கின், கூறுகளும் சேர்ந்திருக்கும். அலெக்சிதைமியா அந்தக் கோளாறு அல்ல, தனி நோயும் அல்ல, ஒரு மனப்பாங்கு. 'உணர்ச்சியின்மை' என்று எழுதினால், இரக்கமற்ற சமூக விரோத ஆளுமையோடு அவரைச் சேர்த்துக் கட்டியாகிவிட்டது. ('ஆளுமை'யும் பாவம். விழா மேடையில் உட்கார்ந்தவர் எல்லாம் 'ஆளுமைகள்' ஆனபிறகு, ஆளுமைக் கோளாறு என்றால் யாருக்கு என்ன விளங்கும்?)

'உணர்வுக் குருடு' என்றும் ஒருவர் எழுதினார். பார்வையற்றவரை எதற்கு இழுக்க வேண்டும்?

நான் சொல்வது 'உணர்வுச் சொல்லின்மை'. இனங்காணும் சிரமத்தை இது நேராகச் சொல்லவில்லைதான், ஆனால் பொய் சொல்லவில்லை. துண்டறிக்கை ஓரத்தில் எழுதிக் காட்டினேன். அந்த அம்மா பார்த்துவிட்டு, "உள்ள இருக்கறத சொல்லத் தெரியலன்னு போட வேண்டியதுதான?" என்றார். சரி, பாடநூலுக்கு என் சொல் இருக்கட்டும், துண்டறிக்கைக்கு அவருடையதுதான்.