கரையானுக்குத் தெரியாத மருந்து

அறந்தாங்கியில் பெரியம்மா வீட்டுப் பின்கட்டு நிலையை ஒரு நாள் விரலால் தட்டிப் பார்த்தேன். டொக்கென்று கேட்க வேண்டிய இடத்தில் பொத்தென்று கேட்டது. கொஞ்சம் அழுத்தியதும் பெயின்ட் அப்பளம் மாதிரி நொறுங்கி விரல் உள்ளே போய்விட்டது. மரம் இருந்த இடத்தில் மண். நிலையை ஒட்டிச் சுவரில் பென்சில் கனத்துக்கு ஒரு மண் கோடு ஏறியிருந்தது. நான்கு வருடமாகப் பெரியம்மா அதில் மண்ணெண்ணெய் ஊற்றி வந்திருக்கிறார். கோடு காய்ந்துவிடும். இரண்டு மாதத்தில் பக்கத்திலேயே இன்னொன்று ஏறும்.

அந்தக் கோடு கரையானின் பாதை. அதன் வீடு மண்ணுக்கடியில் இருக்கிறது. கரையானுக்குத் தோல் மெல்லியது, காற்றும் வெயிலும் பட்டால் சீக்கிரம் வற்றிச் செத்துவிடும். அதனால் கூட்டிலிருந்து இரை வரைக்கும் மண்ணையும் எச்சிலையும் கழிவையும் குழைத்து, ஈரம் காக்கும் குழாயைக் கட்டிக்கொண்டே வருகிறது. மண்ணெண்ணெய் ஊற்றினால் அந்த நேரம் குழாயில் நடந்துகொண்டிருந்தவை சாகும். கூட்டில் லட்சக்கணக்கில் இருக்கலாம். ராணிக்கு இது தெரியக்கூடப் போவதில்லை, முட்டையிட்டுக்கொண்டே இருக்கும்.

சரி, மருந்தடிக்க வருகிறவர்கள் வேறென்ன செய்கிறார்கள்? கரையானின் பழக்கத்தை வைத்தே கரையானை மடக்குகிறார்கள். வேலைக்காரக் கரையான்களுக்குப் பெரும்பாலும் கண் கிடையாது. ஒன்று தரையில் போட்டுச் செல்லும் வாசனைத் தடத்தை மோப்பம் பிடித்துத்தான் அடுத்தது நடக்கும். வெள்ளைத்தாளில் பால்பாயின்ட் பேனாவால் வட்டம் போட்டு நாலு கரையானை விட்டுப் பாருங்கள். சில பேனாக்களின் மையில் உள்ள 2-ஃபீனாக்ஸிஎத்தனால் அந்தத் தட வாசனையைப் போலவே இருப்பதால், கோட்டின் மேலேயே சுற்றிச் சுற்றி வரும். பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டிய காட்சி இது.

இன்னொரு பழக்கம், ஊட்டிவிடுவது. தின்றதை வாயிலிருந்தும் ஆசனவாயிலிருந்தும் ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்ளும். ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்யும். மரத்தின் செல்லுலோஸைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்கள்கூடப் பல வகைகளில் இப்படித்தான் தலைமுறை தாண்டிப் போகின்றன.

ஒரு காலத்தில் வீட்டைச் சுற்றி ஆல்ட்ரின், குளோர்டேன் என்ற பூச்சிக்கொல்லிகளை ஊற்றினார்கள். அவை மண்ணில் பல வருடம் சிதையாமல் கிடந்து உயிர்களின் கொழுப்பில் போய்ச் சேர்ந்ததால், இப்படிப்பட்ட நச்சுகளை ஒழிக்க 2001இல் உருவான ஸ்டாக்ஹோம் என்ற சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பிடித்தன. அப்புறம் பைஃபென்த்ரின் போன்ற மருந்துகள் வந்தன. அதைக் கரையான் கிட்டே வரும்போதே உணர்ந்து ஒதுங்கிப் போகும். வீட்டைச் சுற்றிய மருந்து வேலி ஒழுங்காக இருந்தால் நல்லதுதான். ஆனால் எங்காவது ஒரு விரற்கடை விட்டுப்போயிருந்தால் அந்த வழியாகவே வந்துவிடும்.

இப்போது பரவலாகப் பயன்படும் இமிடாகுளோப்ரிட் என்ற மருந்து இருப்பதே கரையானுக்குத் தெரியாது. சாதாரண மண் என்று நினைத்து அதன் வழியே நடக்கிறது. மருந்து அதன் நரம்பு ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டாலும் உடனே கொல்வதில்லை. அந்த இடைவெளியில் ஊட்டும்போதும் நக்கும்போதும் மற்றவற்றுக்கும் கொஞ்சம் போகிறது. பிறகு தடுமாற்றம் வந்து, தின்பதும் சுத்தம் செய்வதும் நின்றுவிடும். சுத்தம் நின்றதும் மண்ணில் இருக்கும் பூஞ்சைகள் உடம்பில் ஏறிக்கொள்கின்றன. தூரத்துக் கூடு மொத்தமும் இதனால் அழிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வீட்டடி மண்ணைத் தாண்டி உயிரோடு வர முடியாது, அவ்வளவுதான். அது போதும்.

ஆகவே மருந்து போக வேண்டிய முக்கிய இடம் மரத்தைவிட மண். தரையும் சுவரும் சேரும் இடத்தில் 30 செ.மீ.க்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் வரை செலுத்தி, துளையை அடைக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தரநிலை. பத்துக்குப் பத்து அறைக்குச் சுமார் 40 துளை, 40 லிட்டர் வரை கரைசல். 30.5 சதவீத இமிடாகுளோப்ரிட் மருந்தை லிட்டருக்கு 2.1 மி.லி. கலந்தால், அத்தனை தண்ணீருக்கும் சேர்த்து மருந்து 84 மி.லி.தான். அரை மணி நேரத்தில் வீடு முழுக்கத் தெளித்துவிட்டுக் கிளம்புகிறவர் இந்த வேலையைச் செய்யவில்லை. துளைகளை நீங்களே எண்ணுங்கள். 1968ஆம் வருடத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கிணற்றடியில் இந்த மருந்தை ஊற்ற விடவே கூடாது, தண்ணீரில் கரைந்து ஊறிப் போகக்கூடியது. தேனீக்கும் கடும் விஷம்.

இன்னொன்று. மரத்தில் பொடித் துளை விழுந்து மாவு மாதிரி உதிர்ந்தால் அது பெரும்பாலும் உளுவண்டின் வேலை. அதற்குத் தரையைத் துளைத்துப் பயனில்லை.

மருந்து வைத்த மூன்றாம் நாள் பெரியம்மா போன் செய்தார். "என்னப்பா, இன்னும் ஊருது. வெறுந் தண்ணிய ஊத்திட்டுப் போயிட்டானுங்களா?" மெதுவாகக் கொல்வதில்தான் விஷயமே இருக்கிறது என்று விளக்கிவிட்டு, மண் கோட்டில் இரண்டு அங்குலம் மட்டும் உடைத்துவிட்டுப் பார்க்கச் சொன்னேன். உயிரோடு இருக்கும் கரையான் உடைந்த இடத்தைச் சீக்கிரமே ஈரமண்ணால் பூசிவிடும். பெரியம்மா தினமும் காலையில் டார்ச் அடித்துப் பார்த்தார். முதல் இரண்டு நாள் பூச்சு ஏறியது, அவரும் உடைத்தார். அடுத்த வாரம் போனபோது அந்த இரண்டு அங்குலமும் காய்ந்து வெறுமையாக இருந்தது.